தேய்மானம் யார் கணக்கில்?

தேய்மானம் என்றால் காமர்ஸ் மக்களுக்கு டெப்ரிசியேஷன். வீட்டுப் பாட்டிகளுக்கு முழங்கால் வலி. அமெரிக்கப் பந்தயக் குதிரைக்கு இரண்டுமே! மூட்டு தேயத் தேய அதன் விலையும் தேய்கிறது. ஆனால் அந்தத் தேய்மானத்தைத் தன் கணக்கில் எழுத முதலாளிகளுக்கு மனசு வருவதில்லை. ஊசியைப் போட்டு மறைத்து, அடுத்தவர் தலையில் கட்டிவிட வழி இருக்கிறதே...

முதலில் கொஞ்சம் பாடம். மூட்டில் எலும்பும் எலும்பும் உரசாமல் காப்பது குருத்தெலும்பு. அதில் ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. ரத்தம் இல்லாததால் சேதமானால் பழையபடி வளராது. நரம்பு இல்லாததால் ஆரம்பத்தில் வலிக்காது. குதிரை நொண்டும்போது மூட்டுச் சவ்வுக்கும் அடியில் உள்ள எலும்புக்கும் பாதிப்பு போயிருக்கும். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. காலைக் கொஞ்ச நேரம் மடக்கிப் பிடித்துவிட்டு ஓடவிடுவார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டு, நொண்டுவது நிற்கிறதா என்று பார்ப்பார்கள். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் எம்.ஆர்.ஐ., ஆர்த்ராஸ்கோப்பி.

சிகிச்சை? பெரும்பாலும் மூட்டுக்குள் ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்பதும் தப்பு. வீக்கமே குருத்தெலும்பை அரிக்கும், அதை அடக்கத்தான் வேண்டும். 1990களில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் குதிரைகளிலேயே சோதித்தது. மீதைல்பிரெட்னிசலோன் குருத்தெலும்பைக் கெடுத்தது. டிரையாம்சினலோன் கெடுக்கவில்லை, காத்தது. ஆக, பிரச்சினை மருந்தில் மட்டும் இல்லை. ஊசிக்குப் பிறகு ஓய்வா, அடுத்த பந்தயமா? அங்கேதான் வண்டவாளம்!

2018 டிசம்பர் கடைசியில் தொடங்கி 2019 ஜூன் வரை, கலிஃபோர்னியாவின் சாண்டா அனிடா மைதானத்தில் 30 குதிரைகள் செத்தன. அவற்றில் 23 சாவுகளை ஆராய்ந்து கலிஃபோர்னியா குதிரைப் பந்தய வாரியம் 2020 மார்ச்சில் அறிக்கை தந்தது. பெரும்பாலானவற்றில் எலும்பு முறிந்த இடத்தில் ஏற்கெனவே பழைய பாதிப்பு இருந்ததாம். குருத்தெலும்புத் தேய்வும் எலும்பு முறிவும் ஒன்றல்ல, சரி. ஆனால் இரண்டுமே ஒரே பாரம் திரும்பத் திரும்ப விழுவதால் வருபவை. வலி என்பது 'நிறுத்து' என்ற அறிவிப்பு. அதை அணைத்துவிட்டு ஓட்டினால்?

இதில் வியாபாரம் எங்கே வருகிறது என்கிறீர்களா? 'கிளெய்மிங்' பந்தயம் என்று ஒன்று உண்டு. அதில் ஓடும் எந்தக் குதிரையையும் முன்பே குறித்த விலைக்கு வாங்கலாம். பந்தயம் தொடங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். விற்பவருக்கு மூட்டின் ஜாதகமே தெரியும், வாங்குபவருக்கு வெளிப்பூச்சுதான். பழைய கார் சந்தையை வைத்து ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதியது இதைத்தான். 2001இல் நோபல் பரிசும் வாங்கினார். கார் பேசாது. குதிரையும் பேசாது!

விதி இல்லாமல் இல்லை. 2023 மே மாதம் நடைமுறைக்கு வந்த தேசிய விதிகள், மூட்டு ஊசிக்குப் பிறகு 14 நாள் பந்தயம் கூடாது என்றன. கைமாறிய குதிரையின் சிகிச்சைக் குறிப்புகளும் புதியவருக்குப் போக வேண்டும். எப்போது? வாங்கிய பிறகு! கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகம் பார்ப்பது போல. 14 நாளில் மருந்தின் வேகம் குறையலாம். குருத்தெலும்பு முளைத்துவிடுமா?

செய்ய வேண்டியது இரண்டே. ஊசி போட்ட மூட்டை ஸ்கேன் பார்க்காமல் பந்தயத்தில் இறக்கக் கூடாது. ஒவ்வொரு ஊசியும் விற்பனைக்கு முன்பே எல்லோரும் பார்க்கும்படி பதிவாக வேண்டும். "சின்ன முதலாளிக்குக் கட்டுப்படியாகாது" என்பார்கள். கென்டக்கி டெர்பியின் பரிசுத் தொகை 2024இல் 50 லட்சம் டாலர். பணம் இல்லாத தொழிலா இது? பந்தயம் கட்டும் காசிலிருந்து ஒரு பங்கை ஸ்கேனுக்கு ஒதுக்கட்டும்.

தேய்மானத்தைக் கழிக்காமல் காட்டும் லாபம் பொய் லாபம். இது முதல் வருட அக்கவுண்டன்சி. அந்தப் பொய்யை இப்போது குதிரை தன் காலால் கட்டிக்கொண்டிருக்கிறது.