தகுதி யாருக்கு இல்லை?

தகுதி, தகுதி என்று கூப்பாடு போடுகிறவர்களைக் கேட்கிறேன். வாத்தியார் ஆவதற்கு எதையெல்லாம் தகுதி என்கிறீர்கள்?

ஓராண்டுப் படிப்பாக இருந்த பி.எட்.டை 2015-16இல் ஈராண்டாக்கினார்கள். கம்மாபுரம் பக்கம் நடவு நட்டும் கரும்பு வெட்டியும் பிள்ளையைப் பட்டதாரியாக்கிய குடும்பத்துக்கு அது இன்னொரு வருசக் கடன். அதையும் தாண்டினால் தகுதித் தேர்வு. 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வில் எழுதியவர்களில் ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மதிப்பெண் சலுகை தரலாமென்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2011லேயே சொல்லிவிட்டது. சமூகநீதி மண் என்று மார்தட்டும் தமிழக அரசுக்கு, 150க்கு 90 என்பதை 82 ஆக்க 2014 வரை மனசு வரவில்லை. 2018இல், தேறியவர்களும் தனியாகப் போட்டித் தேர்வு எழுதணும் என்று அரசாணை.

இத்தனை சல்லடையிலும் சிக்காத ஒன்று இருக்கிறது. அது வாத்தியாரின் சாதித் திமிர்.

கற்பித்தல் பயிற்சிக்கு நான் போன பள்ளியில் மூத்த ஆசிரியர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, "எந்தத் தெருப்பா?" காலனி என்றேன். மறுநாளிலிருந்து எல்லாருக்கும் கண்ணாடி டம்ளரில் டீ, எனக்கு மட்டும் பேப்பர் கப். அவரும் பி.எட். படித்தவர்தான். கல்வி உளவியலில் நல்ல மார்க்கே வாங்கியிருப்பார்! 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரான அம்பேத்கர் பொதுப் பானையில் தண்ணீர் குடிக்கக்கூடாதென்று ஆட்சேபித்தவர்களும் பேராசிரியர்கள்தானே? என்னிடமே இப்படி என்றால், அவரிடம் படிக்கிற நம்ம பிள்ளைகள் கதி என்ன?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனை உடன்படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டத்தை மாற்றுங்கள், ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போதே சமூகநீதியில் அவருக்குள்ள அக்கறையைப் பாருங்கள் என்றது. கையில் கட்டும் கயிறு, நெற்றிப் பொட்டு பற்றிக் கூச்சல் போட்டவர்கள் இதை வசதியாக அமுக்கிவிட்டார்கள்.

பி.எட். படிக்கும் தோழர்களே, நாம் கேட்க வேண்டியது இதுதான். சாதி ஒழிப்பு கட்டாயத் தாளாகட்டும். கற்பித்தல் பயிற்சியில் ஒரு பகுதி ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் நடக்கட்டும். வகுப்பில் சாதி பார்த்தவன் எத்தனை மார்க் வாங்கியிருந்தாலும் வாத்தியார் வேலைக்குத் தகுதியற்றவன் என்று சட்டம் வரட்டும். அப்புறம் பேசுவோம், தகுதியைப் பற்றி.