ஆண்டறிக்கையில் ஊருக்கு ஒரு பக்கம்

இலங்கையில் ஒவ்வொரு கம்பனியும் நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் ஆண்டறிக்கை தயாரிக்க வேண்டும் என்கிறது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம். அந்த அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை அதன் 168ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. நிதிக்கூற்றுகள், கணக்காய்வாளரின் அறிக்கை, பணிப்பாளர்களுக்குக் கொடுத்த வேதனம் ஆகியவற்றோடு, அந்த ஆண்டில் கம்பனி வழங்கிய நன்கொடைகளின் மொத்தத் தொகையும் அதில் உண்டு. பணமாகக் கொடுத்தது கட்டாயம் கணக்கில் வருகிறது. பணியாளரின் உழைப்பாகவும் நேரமாகவும் கொடுத்ததைப் பற்றி அந்தப் பிரிவு எதுவும் கேட்கவில்லை. அதனால் பணியாளர் தொண்டைப் பற்றிய பக்கங்களில் எதை எழுதுவது, எதை விடுவது என்பது முழுக்கக் கம்பனியின் விருப்பத்தில் நிற்கிறது.

அந்தப் பக்கங்கள் எப்படி இருக்கும் என்பது ஆண்டறிக்கைகளைப் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும். கம்பனியின் பெயர் பொறித்த மேற்சட்டையோடு கடற்கரையைத் துப்புரவு செய்யும் பணியாளர்கள், இரத்ததான முகாம், பாடசாலைச் சுவருக்கு வர்ணம், பனம் விதை நடுகை. படத்துக்குக் கீழே நாடு முழுவதற்குமான ஒரு மொத்தம்: இத்தனை தொண்டர்கள், இத்தனை மணித்தியாலங்கள். ஒருங்கிணைந்த அறிக்கையிடலுக்கான சர்வதேசக் கட்டமைப்பு 2013இல் வெளிவந்த பிறகு இந்த விவரங்களுக்கு ‘சமூக, உறவு மூலதனம்’ என்ற தலைப்பும் கிடைத்தது. யாழ்ப்பாணத்தின் வடமராட்சியில் எந்தக் கடற்கரை, தீவகத்தில் எந்தப் பாடசாலை என்ற விவரம் பெரும்பாலும் இருப்பதில்லை. நட்ட விதைகளில் எத்தனை வடலியாயின என்பதும் இல்லை. பனை காய்க்கப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். விதையைப் புதைப்பது ஒரு காலைநேர வேலை. ஆடு மாடு மேயாமல் வேலியடைத்துக் காப்பதே மரத்தை உண்டாக்குகிறது. அந்தக் காப்பு வேலை ஆண்டறிக்கைகளில் எண்ணாக வருவது அரிது.

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்கு ஆண்டறிக்கை புதிய பொருள் அல்ல. சனசமூக நிலையம், பழைய மாணவர் சங்கம், கூட்டுறவுச் சங்கம் எதுவாயினும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆண்டறிக்கை வாசிக்க வேண்டும், பொருளாளர் கணக்கறிக்கை சமர்ப்பிக்க வேண்டும். சபையில் கேள்வி எழும். போன வருடம் நடந்த சிரமதானத்தில் பாதியில் நின்ற வாய்க்கால் என்னவாயிற்று என்று ஒருவர் கேட்பார். வாசகசாலைக் கூரைக்குச் சேர்த்த காசில் மிச்சம் எங்கே என்று இன்னொருவர் கேட்பார். பதில் சொன்ன பிறகே அறிக்கை முன்மொழியப்பட்டு, வழிமொழியப்பட்டு ஏற்றுக்கொள்ளப்படும். 1930களில் மூளாயில் மக்கள் தங்கள் கூட்டுறவிலேயே ஒரு வைத்தியசாலையை எழுப்பிய மரபும் இந்த ஒழுங்கிலிருந்து வந்ததுதான். உடலுழைப்பைக் கொடுப்பதும் அதற்குக் கணக்குச் சொல்வதும் இங்கே ஒரே காரியத்தின் இரு பாதிகள். கோடிக்கணக்கில் வரவு செலவு செய்யும் ஒரு கம்பனியிடம் ஊர்ச் சங்கத்தின் செயலாளரிடம் எதிர்பார்ப்பதையாவது எதிர்பார்ப்பது நியாயம்.

கம்பனி பங்குதாரருக்குத்தான் பதில் சொல்ல வேண்டும், ஊருக்கு அல்ல என்ற வாதம் உண்டு. சட்டத்தின் எழுத்துப்படி அது சரி. ஆனால் பங்குதாரர் யார் என்று பார்த்தால் அந்த வாதம் தளர்கிறது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான ஊழியர் சேமலாப நிதியத்துக்குத் தனியார் துறையில் வேலைசெய்கிறவரின் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் முதலாளியிடமிருந்து 12 சதவீதமும் செல்கின்றன. அந்த நிதியத்தை மத்திய வங்கி நிர்வகிக்கிறது. அதன் பணத்தில் ஒரு பகுதி பங்குச் சந்தையில் இருக்கிறது. ஆக, கஸ்தூரியார் வீதியில் ஒரு கடையில் நிற்கும் பிள்ளையும் சுன்னாகத்தில் ஒரு பட்டறையில் வேலைசெய்யும் தொழிலாளியும் இந்தக் கம்பனிகளின் தொலைதூரச் சொந்தக்காரர்கள். 2009இல் போர் முடிந்த பிறகு வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் குடாநாட்டில் விரைந்து கிளைகளைத் திறந்தன. 2013இல் யாழ். நகரில் கார்கில்ஸ் சதுக்கம் என்ற வணிக வளாகம் திறந்தது. கொழும்புப் பங்குச் சந்தையே இங்கு ஒரு கிளை வைத்தது. வைப்பும் வியாபாரமும் ஊரிலிருந்து போகின்றன என்றால், ஊருக்குத் திரும்பி வந்தது எவ்வளவு என்று கேட்பது யாசகம் ஆகாது.

ஊருக்குத் திரும்பி வருவது கேடாகவும் இருக்கலாம் என்பதைச் சுன்னாகம் அனுபவித்தது. அங்கிருந்த அனல்மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்தது பற்றிய வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, நிலையத்தை நடத்திய நிறுவனம் பாதிக்கப்பட்ட குடியிருப்பாளருக்கு 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்குமாறு உத்தரவிட்டது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தேங்கும் நீரே கிணற்றிலும் துரவிலும் ஊறுகிறது. அந்த நீர் கெட்டால் வேறு போக்கிடம் இல்லை. இப்படிப்பட்ட நிலத்தில் தொழில் நடத்தும் எந்தக் கம்பனியின் ஆண்டறிக்கையும், பணியாளர் செய்த தொண்டைச் சொல்லும் அதே பக்கத்தில் கம்பனியின் தொழிலால் ஊருக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். நல்லதை ஒரு பாகத்திலும் கெட்டதைச் சட்டப் பொறுப்புகள் பற்றிய சிறு எழுத்துக் குறிப்பிலும் பிரித்து வைத்தால், வாசிப்பவருக்கு ஊரின் முழு நிலை தெரியாது. நிறுவனங்கள் தம் சமூக, சுற்றுச்சூழல் பாதிப்புகளை அறிக்கையிடப் பின்பற்றும் ஜி.ஆர்.ஐ. நியமங்களில் 413ஆம் இலக்கம் உள்ளூர்ச் சமூகங்களைப் பற்றியது. அதுவும் சமூக ஈடுபாட்டையும் சமூகத்தின் மீதான பாதிப்பையும் ஒரே தலைப்பின் கீழேயே கேட்கிறது.

அடுத்தது, எந்தத் தொண்டு என்பது. சுவருக்கு வர்ணம் பூச ஊரில் ஆள் உண்டு. அந்த வேலைக்குக் கூலி கொடுத்தால் ஒரு குடும்பத்துக்கு இரண்டு நாள் வருமானம். வங்கி உத்தியோகத்தரிடம் ஊரில் கிடைக்காத ஒன்று இருக்கிறது. கணக்கு தெரிந்த மூளை அது. போருக்குப் பிந்தைய வடக்கில் நுண்கடன் பெண்களை எந்த அளவுக்கு நெருக்கியது என்பதற்கு அரசின் நடவடிக்கையே சாட்சி: 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அது அறிவித்தது. கடன் கழுத்தை இறுக்கியதற்குக் காரணம் பல. அவற்றில் ஒன்று, வட்டியின் உண்மையான அளவு தெரியாமல் கையெழுத்து வைத்தது. 50,000 ரூபா கடன், ஆண்டுக்கு நூற்றுக்கு 20 வட்டி, மாதம் 5,000 வீதம் 12 மாதத்தில் 60,000 ரூபா கட்டி முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் கேட்பதற்கு மலிவாகத் தெரியும். ஆனால் முதல் மாதத்திலிருந்தே முதல் குறைந்துகொண்டு போகிறது. வட்டி மட்டும் முழு 50,000க்கும் கணக்கிடப்படுகிறது. குறைந்து செல்லும் நிலுவைக்குக் கணக்குப் பார்த்தால் அந்த 20 ஏறத்தாழ 35 ஆகிவிடும். ஒரு சனிக்கிழமை காலை மாதர் சங்கத்துக்குப் போய், கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும் ஓர் உத்தியோகத்தர் செய்யும் தொண்டு, பேருந்துத் தரிப்பிடத்துக்கு வர்ணம் பூசும் 40 பேரின் தொண்டைவிடப் பெரியது. மணித்தியாலத்தை மட்டும் எண்ணும் அறிக்கையில் 40 பேர்தான் வெல்வார்கள். அதனாலேயே கம்பனிகள் அந்த வகை வேலையைத் தேடிப் போகின்றன.

கணக்கறிவைப் போலவே வேறு திறன்களும் கம்பனிகளில் கிடக்கின்றன. தொலைபேசிக் கம்பனியின் பொறியியலாளர் ஒரு பாடசாலையின் கணினி அறையைச் சீராக்கலாம். கம்பனியின் கணக்காளர், கணக்காய்வுக்கு ஆயத்தமாகும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் புத்தகங்களை ஒழுங்குபடுத்திக் கொடுக்கலாம். எது தேவை என்பதைக் கொழும்புத் தலைமையகம் முன்கூட்டித் தீர்மானிக்கக் கூடாது. சனசமூக நிலையமோ கமக்காரர் அமைப்போ எழுத்தில் கேட்டதன் பேரில் நடந்த வேலை எது, கம்பனி தானாகத் தெரிந்தெடுத்தது எது என்று அறிக்கை பிரித்துக் காட்ட வேண்டும்.

தொண்டு செய்யும் பணியாளரின் பக்கமும் இருக்கிறது. போயா நாளிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ, வராவிட்டால் முகாமையாளர் முகம் சுளிப்பாரே என்று வருவது தொண்டு அல்ல, சம்பளமில்லாத மேலதிக வேலை. சம்பளம் உள்ள வேலைநேரத்தில் கம்பனி விட்டுக்கொடுத்த மணித்தியாலம் எத்தனை, பணியாளர் தன் ஓய்வுநேரத்திலிருந்து கொடுத்தது எத்தனை என்று இரண்டு நிரல்களாக எழுதினால் போதும், யாருடைய கொடை என்பது தெளிவாகிவிடும். இன்றைய வழக்கத்தில் இரண்டும் கம்பனியின் பெயரிலேயே வரவு வைக்கப்படுகின்றன.

இந்தியாவில் 2013ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பனிகள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. ஆயினும் பணியாளர் கொடுக்கும் தொண்டு நேரத்தைப் பணமாக மதிப்பிட்டு அந்தச் செலவில் சேர்க்க முடியாது என்று அந்நாட்டு அமைச்சு விளக்கமளித்திருக்கிறது. அது நல்ல விதி. நேரத்துக்கு விலை போட்டால் விலையை ஏற்றிக் காட்டும் ஆசை வரும். நேரம் நேரமாகவே எழுதப்படட்டும். இலங்கைக்கு 2 சதவீதக் கட்டாயம் தேவையா என்பது தனி விவாதம். கட்டாயச் செலவு இல்லாமலே கட்டாய வெளிப்படுத்தலைக் கொண்டுவரலாம், அதற்குப் பங்குச் சந்தையின் பட்டியலிடல் விதிகளில் ஒரு பந்தி போதும். பேண்தகைமை பற்றிய புதிய கணக்கீட்டு நியமங்கள் 2025 ஜனவரி முதல் கட்டம் கட்டமாக இலங்கையில் நடைமுறைக்கு வருகின்றன. அவை முதலீட்டாளரின் கண்ணால் இடர்களையும் வாய்ப்புகளையும் பார்க்கின்றன. ஊரின் கண்ணால் பார்க்கும் பக்கத்தை அவை தாமாகக் கொண்டுவரப் போவதில்லை.

மொழியும் ஒரு தடை. தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. ஆனால் ஆண்டறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான பக்கங்களில் வருகின்றன. முழு அறிக்கையையும் மொழிபெயர்க்கச் சொல்வது சிறு கம்பனிகளுக்குப் பாரமாகலாம். மாவட்டத்துக்கு ஒரு பக்கம் தமிழில் எழுதுவது எந்தக் கம்பனிக்கும் பாரமல்ல. ஊரின் பெயர், வேலை, யார் கேட்டது, வேலைநேர மணித்தியாலம், ஓய்வுநேர மணித்தியாலம், கொடுத்த பணம், போன ஆண்டு தொடங்கியதன் இன்றைய நிலை, தொழிலால் ஊருக்கு ஏற்பட்ட பாதிப்பு. இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். அந்தப் பக்கம் கிளையின் அறிவித்தல் பலகையில் தொங்க வேண்டும், ஒரு பிரதி பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். கிளை முகாமையாளர் ஆண்டுக்கு ஒரு தடவை சனசமூக நிலையத்துக்கு வந்து அதை வாசித்துக் கேள்விக்குப் பதில் சொல்லலாம்.

காலமும் முக்கியம். மார்ச் 31இல் கணக்கு முடிக்கும் கம்பனிக்கு ஆண்டறிக்கைக்கான ஆறு மாதம் செப்டெம்பர் இறுதியில் முடிகிறது. டிசம்பரில் முடிக்கும் வங்கிக்கு அது ஜூன். குடாநாட்டில் மாரி ஐப்பசியில் தொடங்குகிறது. குளம் தூர்வாருவதும் வெள்ள வாய்க்கால் துப்புரவாக்குவதும் தண்ணீர் வற்றிக் கிடக்கும் ஆடி, ஆவணியில் நடக்க வேண்டிய வேலைகள். ஊருக்கான பக்கம் முழு அறிக்கைக்காகக் காத்திராமல் ஜூன் மாத முடிவுக்குள் பலகையில் தொங்கினால், போன ஆண்டு பாதியில் விட்ட குளத்தை இந்த ஆண்டு முடித்துத் தரும்படி ஊர்ச் சங்கம் கடிதம் எழுதவும், கிளை ஆட்களை ஒழுங்குபடுத்தவும் மழைக்கு முன் மூன்று மாதம் இருக்கும்.