நிறத்துக்குப் பொருள் கொடுத்தவர் யார்?

சில காலத்துக்கு முன் செட்டிகுளம் பகுதியில் ஒரு திருமணத்துக்குச் சென்றிருந்தோம். மணப்பெண்ணின் தாய் பந்தலுக்குள் வரவில்லை. வெள்ளைச் சேலையோடு அடுப்படிப் பக்கமே நின்றார். போரில் கணவனை இழந்து, பிறர் வயலில் கூலிக்கு நாற்று நட்டு அந்தப் பிள்ளையை ஆளாக்கியவர் அவர். ஏன் என்று கேட்டோம். "நான் முன்னுக்கு நிண்டா பிள்ளைக்குக் கூடாதாம் சுவாமி" என்றார்.

அவரைத் தடுத்தது சேலையின் நிறமா? அந்த நிறத்துக்கு நாம் கொடுத்திருக்கும் பொருளா?

மேற்கு ஆபிரிக்காவில், கானா நாட்டின் அசாந்தே மக்கள் 'கெண்டே' என்ற துணியை நெய்கிறார்கள். ஏறத்தாழ நான்கு அங்குல அகலத்தில் நீண்ட பட்டிகளாக நெய்து, பின் அவற்றை ஒன்றோடொன்று பொருத்தித் தைப்பார்கள். 2024ஆம் ஆண்டு யுனெஸ்கோ இக்கைவினையை மானிடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கு நிறங்கள் பேசும். பொன் நிறம் செல்வத்தையும் அரசையும், பச்சை பயிரின் செழிப்பையும் குறிக்கும். ஆனால் துக்கத்துக்கு அவர்கள் உடுப்பது சிவப்பும் கறுப்பும். வெள்ளையோ குழந்தை பிறந்த மகிழ்ச்சிக்கும் வெற்றிக்கும் உரியது. எமது மணப்பெண்ணின் கூறைச் சிவப்பு அவர்களுக்குச் சாவீட்டு நிறம். எமது கைம்பெண்ணின் வெள்ளை அவர்களுக்குக் கொண்டாட்ட நிறம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கெண்டேயின் ஒவ்வொரு கோலத்துக்கும் ஒரு பெயர் உண்டு. கானாவின் தலைவர் நுக்ருமா 1957இல் பாத்தியா என்ற பெண்ணை மணந்தார். 'நுக்ருமாவுக்கு ஏற்றவள் பாத்தியா' என்று ஒரு கோலத்துக்குப் பெயர் வழங்கிற்று. 1966இல் அவர் ஆட்சியிலிருந்து வீழ்த்தப்பட்ட பின், அதே கோலத்துக்கு 'ஒருவர் மட்டும் நாட்டை ஆள்வதில்லை' என்று மக்கள் புதுப்பெயர் இட்டனர். நூலும் நிறமும் மாறவில்லை. பொருள் மாறிற்று. மாற்றியவர்கள் மக்களே.

எமது திருச்சபையிலும் இறந்தோருக்கான திருப்பலியில் முன்னர் குருவின் உடை கறுப்பாகவே இருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின் ஊதாவும், பல நாடுகளில் உயிர்ப்பின் நம்பிக்கையைக் காட்டும் வெண்மையும் வழக்குக்கு வந்தன.

2009இல் இதே செட்டிகுளத்தின் மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். நிவாரணமாக வந்த உடுப்பை எல்லோரும் உடுத்தோம். கைம்பெண்ணுக்கு வந்தது பச்சையா சிவப்பா என்று அன்று எவரும் பார்க்கவில்லை. 2012இல் முகாம் மூடப்பட்டது. காணிக்குத் திரும்பிக் கிணறு இறைத்து, கொட்டில் போட்டு நிமிர்ந்ததும், பழைய விதியையும் தேடி எடுத்துக்கொண்டோம்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் மனைவியருக்கு இவ்விதி இன்னும் கொடியது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் அமர்ந்து போராடத் தொடங்கியவர்களுள் அவர்களும் இருந்தனர். கணவன் எங்கே என்று கேட்டு நிற்பவளிடம், "ஏன் இன்னும் பொட்டு? ஏன் இன்னும் வண்ணச் சேலை?" என்று கேட்பது, அவளுடைய வாயாலேயே கணவனின் மரணத்தைச் சொல்லவைப்பதாகும். அதைக் கேட்கும் உரிமை ஊருக்கு இல்லை.

மரபைக் கைவிடுவதா என்று பெரியோர் சிலர் வருந்துவர். தன் விருப்பத்தால் வெள்ளை உடுக்கும் தாயை நாமும் மதிக்கிறோம். ஆனால் விருப்பம் வேறு, விதி வேறு. தனியாக உழுது விதைத்து ஒரு குடும்பத்தைத் தாங்கியவளின் கை அமங்கலமானது என்றால், அந்தக் கை விளைவித்த நெல்லில் பொங்கிய சோற்றை நாம் எப்படி உண்கிறோம்?

எனவே ஒன்றைக் கேட்கிறோம். உங்கள் ஊரில் அடுத்து நடக்கும் திருமணத்தில், கூறைத் தட்டை ஏந்த அந்தத் தாயையே முன்னுக்கு அழையுங்கள். அவர் எந்த நிறச் சேலையோடும் வரட்டும்.