கொடுப்பதற்கும் ஒரு முறை உண்டு

தமிழ்ப்பற்று ஒரு சிறந்த தகுதி. ஆயினும் அதுவே எல்லாப் பணிக்கும் போதுமான தகுதி ஆகிவிடாது. இந்த எளிய உண்மையை நம்மவர் பலர் மறந்துவிடும் இடம் ஒன்று உண்டு. அது திறமூல மென்பொருள் உலகம். அங்கே கேட்பதில் முந்துகிறோம், கற்பதில் பிந்துகிறோம். கொடுக்கும்போதும், பெறுவோரின் நிலை யாது என்று எண்ணிப் பாராமல் கொடுக்கிறோம். இப்போக்கு நீடித்தால் நட்டம் மென்பொருளுக்கு மட்டும் அன்று. தமிழுக்கும் நம் மாணவர்க்கும் சேர்ந்தே ஆகும்.

திறமூல மென்பொருள் என்பது யாது? அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், படியெடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம். இவ்வுரிமைகளை உரிமம் எழுத்து வடிவிலேயே தருகிறது. 1983ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் ‘குனு’ திட்டத்தை அறிவித்தார். 1991ஆம் ஆண்டில், பின்லாந்தில் மாணவராக இருந்த லினசு தோர்வால்ட்சு, ‘லினக்சு’ இயங்குதளத்தின் கருவை வெளியிட்டார். இன்று நாம் பயன்படுத்தும் பயர்பாக்சு உலாவியும், லிபர் ஆபீசு எழுதுகருவியும், ஆண்டிராய்டு கைப்பேசியின் அடித்தளமும் இவ்வழி வந்தவையே.

ஊர்கூடித் தேர் இழுப்பது போன்றது இம்முயற்சி. வடம் பிடிப்போர் ஆயிரவர். ஆனால், சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இட்டுத் தேரைத் திருப்புவோர் சிலரே. அச்சிலரின் சொல்லைக் கேளாமல் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் தேர் நிலைக்கு வாராது. தெருவோரத்து வீட்டில் போய் மோதும். மென்பொருளின் பொறுப்பாளர்கள் முட்டுக்கட்டை இடுவோரைப் போன்றவர்கள். திருத்தம் அனுப்பும் உரிமை எவர்க்கும் உண்டு. அனுப்பியதை ஏற்றே ஆக வேண்டும் என்று வற்புறுத்தும் உரிமை எவர்க்கும் இல்லை.

இலவசம் என்னும் மயக்கம்

“இலவசமாகத்தானே தருகிறார்கள், கேட்டால் என்ன?” என்று வினவுவோர் உளர். இலவசமாக வருவது மென்பொருள். அதனை ஆக்குவோரின் உழைப்பு இலவசமாக விளைவதன்று. ஒருவர் தம் அலுவல் முடிந்து, குடும்பக் கடமைகளை முடித்து, இரவில் கண்விழித்துப் பார்க்கும் வேலையாக அது பல இடங்களில் இருக்கிறது.

2014ஆம் ஆண்டு ஏப்ரலில் ‘ஓப்பன் எஸ்எஸ்எல்’ என்னும் மென்பொருளில் பெரும் பாதுகாப்புக் குறை ஒன்று வெளிப்பட்டது. வங்கிக் கணக்கும் கடவுச்சொல்லும் இணையத்தில் பாதுகாப்பாகச் செல்வதற்கு உலகின் பெரும்பகுதி அதனை நம்பியிருந்தது. அத்துணை பெரிய சுமையைத் தாங்கிய அந்தத் திட்டத்திற்கு ஆண்டு முழுவதும் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 அமெரிக்க வெள்ளி. முழுநேரமாக உழைத்தவர் ஒருவர். பயன்கொண்டோர் கோடிக்கணக்கினர், தோள் கொடுத்தோர் ஒரு கைவிரலுக்குள் அடங்குவர். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது நம் முன்னோர் வாக்கு. நாமோ மாட்டை ஓட்டிச் சென்றபின், வைக்கோல் ஏன் கொடுக்கவில்லை என்று கொடுத்தவரிடமே சண்டைக்கு நிற்கிறோம்.

அதட்டலின் விலை

மரியாதை என்பதை மேற்பூச்சு என்று கருதுவோர்க்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்இசட்’ என்னும் சிறு மென்பொருளைப் பல ஆண்டுகளாக ஊதியமின்றி ஒருவரே பேணி வந்தார். 2022ஆம் ஆண்டில், முன்பின் அறியாத பெயர்களில் சிலர் அவரை நெருக்கத் தொடங்கினர். வேலை ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது, இயலாவிட்டால் வேறொருவரிடம் ஒப்படைக்கலாமே என்று குத்திக் குத்தி எழுதினர். தமக்கு மனநலக் குறை உண்டு என்றும், இஃது ஊதியமில்லாத பணி என்றும் அவர் விடையளித்தார். நெருக்கடி ஓயவில்லை. இதற்கிடையே ‘ஜியா தான்’ என்னும் பெயரில் ஒருவர் நல்லவர்போல் உதவ வந்து, பொறுப்பிலும் பங்கு பெற்றார்.

2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த பதிப்பில், பிறர் கணினிக்குள் நுழைவதற்கான கள்ளவாயில் ஒன்று மறைத்து வைக்கப்பட்டது. ஆண்டிரசு பிராய்ண்டு என்னும் பொறியாளர், தம் கணினியில் நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கண்டு ஐயுற்று, ஆராய்ந்து, மார்ச்சு 29இல் உலகுக்கு அறிவித்தார். பேரிடர் தவிர்ந்தது. முன்பு அதட்டியவர்களும் அச்சூழ்ச்சியின் பகுதியே எனப் பலரும் கருதுகின்றனர்.

இங்கு நாம் கருத வேண்டுவது ஒன்று. அந்த அதட்டல் ஏன் எவர்க்கும் ஐயத்தை எழுப்பவில்லை? அவ்வாறு அதட்டுவது அங்கே அன்றாட வழக்கமாகிவிட்டமையால்தான். நல்லோர் எல்லாரும் பண்போடு பேசும் இடத்தில் கயவனின் அதட்டல் தனியே தெரியும். நல்லோரும் அதட்டும் இடத்தில் கயவன் எளிதில் கலந்துவிடுகிறான்.

எண்ணிக்கை வெறி

அதட்டுவோர் ஒரு சாரார் என்றால், குவிப்போர் மற்றொரு சாரார். ‘ஹேக்டோபர்ஃபெஸ்ட்’ என்னும் இயக்கம், ஒரு மாதத்தில் நான்கு திருத்தங்களை அனுப்புவோர்க்குச் சட்டை ஒன்றைப் பரிசாக அளித்து வந்தது. நோக்கம் நன்று. ஆனால் 2020ஆம் ஆண்டு அக்டோபரில் என்ன நிகழ்ந்தது? சட்டைக்கு ஆசைப்பட்டோர், முகப்புக் குறிப்பில் பயனற்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு அதனைத் திருத்தம் என்று ஆயிரக்கணக்கில் அனுப்பினர். பொறுப்பாளர்கள் தம் வேலையை விட்டுவிட்டுக் குப்பை வாரினர். சில நாள்களிலேயே விதியை மாற்றி, விரும்பும் திட்டங்கள் மட்டுமே பங்கேற்கலாம் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

இப்பொழுது செயற்கை அறிவும் துணைக்கு வந்துவிட்டது. ‘கர்ல்’ என்னும் மென்பொருளைப் பேணிவரும் டேனியல் ஸ்டென்பெர்க்கு, செயற்கை அறிவு புனைந்த பொய்யான குறை அறிக்கைகள் தம் நேரத்தைத் தின்பதை 2024ஆம் ஆண்டு சனவரியில் எழுதினார். ஒரு நொடியில் எழுதப்பட்டதைப் பொய்யென்று மெய்ப்பிக்கப் பல மணிநேரம் வேண்டும். அந்த மணிநேரத்தைத் திருப்பித் தருவோர் யார்?

மொழிக்கு நேரும் கேட்டினையும் காண்போம். மென்பொருளுக்கு உடன்பிறப்பான விக்கிப்பீடியாவில், ஸ்காட்சு மொழிப் பகுதியின் பல்லாயிரம் கட்டுரைகளை அம்மொழியை அறியாத ஓர் அமெரிக்க இளைஞர் எழுதியிருந்த செய்தி 2020ஆம் ஆண்டு ஆகத்தில் வெளிவந்தது. அவர் நெஞ்சில் வஞ்சம் இல்லை, ஆர்வமே இருந்தது. எனினும் ஒரு சிறிய மொழியின் முகத்தில் கரி பூசப்பட்டது.

தமிழ் விக்கிப்பீடியாவும் இத்தகைய சோதனையைக் கண்டதே. 2009, 2010ஆம் ஆண்டுகளில் கூகுள் நிறுவனம் ஊதியம் தந்து மொழிபெயர்க்கச் செய்த கட்டுரைகள் அங்கே சேர்ந்தன. நடை இயந்திரத்தனமாக இருப்பதையும், திருத்தச் சொன்னாலும் மொழிபெயர்ப்போர் திரும்பிப் பாராமையையும் கண்ட தமிழ்த் தொண்டர்கள், அளவினும் தரமே வேண்டும் என்று வற்புறுத்தினர். பெரிய நிறுவனம் தருகிறதே என்று அவர்கள் வாய்மூடி இருக்கவில்லை. அதுவே உண்மையான தமிழ்ப்பற்று.

தமிழாக்கம் என்னும் களம்

மென்பொருளின் திரையில் தோன்றும் சொற்களைத் தமிழாக்குவது, ஆசிரியரும் மாணவரும் எளிதில் ஈடுபடக்கூடிய பணி. எளிது என்பதனாலேயே இங்குப் பிழைகள் மலிகின்றன. ‘ஓப்பன்’ என்னும் ஆங்கிலச் சொல் ஓரிடத்தில் ‘திற’ என்னும் ஏவல். மற்றோர் இடத்தில் ‘திறந்துள்ளது’ என்னும் நிலை. அச்சொல் எந்தத் திரையில் வருகிறது என்று பாராமல் மொழிபெயர்த்தால் பொருள் கெடும். ‘பத்துக் கோப்புகளில் ஐந்து’ என்று தமிழ் கூறும். ஆங்கிலமோ ஐந்தை முன்னும் பத்தைப் பின்னும் வைக்கும். எண் வந்து அமரும் இடத்தைக் காட்டும் குறிகளை முறையறிந்து இடம் மாற்றாவிட்டால், ‘ஐந்து கோப்புகளில் பத்து’ என்னும் விந்தை திரையில் தோன்றும். குறியை அழித்துவிட்டாலோ சில மென்பொருள்களில் செயலே நின்றுவிடும்.

இன்னொன்று: முன்னவர் ‘கோப்புறை’ என்று எழுதிய மென்பொருளில், பின்வந்தவர் தமக்குப் பிடித்த ‘அடைவு’ என்னும் சொல்லைச் சில இடங்களில் மட்டும் புகுத்துகிறார். இரண்டும் நல்ல தமிழே. ஒரே திரையில் இரண்டையும் கண்டு மயங்கும் பத்து வயது மாணவனை நினைத்தவர் யார்? சொல்லை மாற்ற வேண்டுமாயின் முன்னவரிடம் காரணம் கூறி, உடன்பட்டு, எங்கும் ஒருசேர மாற்ற வேண்டும். அதுவன்றி நள்ளிரவில் நுழைந்து பலகையை மாற்றி எழுதுவது புலமை ஆகாது.

இஃது அடிமைத்தனம் ஆகாதா?

“அப்படியானால் பொறுப்பாளர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டுமா? தமிழுக்கு இழுக்கு நேர்ந்தாலும் பொறுத்திருப்பதா?” என்று சிலர் சீறக்கூடும். வேண்டியதில்லை. மதிப்பு இருபாலார்க்கும் உரியது. லினக்சைப் படைத்த தோர்வால்ட்சு தம் கடுஞ்சொல்லுக்குப் பெயர் பெற்றவர். 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் அவரே அதற்கு வருத்தம் தெரிவித்துச் சிறிது காலம் பொறுப்பினின்று விலகி நின்றார். லினக்சுக்கு நடத்தை நெறிமுறையும் அவ்வேளையில் ஏற்பட்டது. கொள்கையில் உடன்பாடு காண இயலாவிட்டால் பிரிந்து செல்லும் உரிமையையும் உரிமம் அளிக்கிறது. 2010ஆம் ஆண்டில் லிபர் ஆபீசு அவ்வாறுதான் ஓப்பன் ஆபீசிலிருந்து கிளைத்தது. அவ்வாறு பிரிந்தவர்கள் திட்டிவிட்டுப் போகவில்லை. சுமையைத் தம் தோளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உழைப்பதற்கு அணியமாக உள்ளவனின் மறுப்புக்குத்தான் வலிமை உண்டு.

ஒருவர் செய்யும் தவறு ஒருவரோடு நிற்பதில்லை என்பதையும் மறத்தல் ஆகாது. அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர், வேண்டுமென்றே பிழை வைத்த திருத்தங்களை லினக்சுக்கு அனுப்பி ஆய்வு நடத்தினர். அதன் விளைவாக 2021ஆம் ஆண்டு ஏப்ரலில், பொறுப்பாளராகிய கிரெக் குரோவா-ஆர்ட்மன் அப்பல்கலைக்கழகத்தின் திருத்தங்கள் எவற்றையும் ஏற்பதில்லை என்று கதவை அடைத்தார். குற்றம் செய்தோர் சிலர். பெயர் கெட்டது ஒரு பல்கலைக்கழகத்திற்கு. நாளை ‘தமிழ்த் திருத்தம் வந்துள்ளது’ என்றால் பொறுப்பாளர் முகம் சுளிக்கும் நிலை வந்தால், அதற்கு எந்த மாநாட்டில் தீர்மானம் போட்டு மாற்றுவோம்?

பள்ளி செய்ய வேண்டியது

நம் பள்ளிகளில் சான்றிதழுக்கும் கோப்பைக்கும் குறைவில்லை. எத்தனை திருத்தங்கள் அனுப்பினாய் என்று கேட்டு மாணவனுக்குப் பரிசு கொடுக்கும் ஆசிரியர், அவனுக்கு எண்ணக் கற்றுக்கொடுக்கிறார், உழைக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. வேறு வழி உண்டு. ஒரு மென்பொருளைத் தேர்ந்து, ஒரு தவணை முழுவதும் அதனைத் தமிழிலேயே பயன்படுத்தட்டும். பங்களிப்போர்க்கான குறிப்பை முதலில் படிக்கட்டும். கண்ட குறையை முன்பே யாரேனும் தெரிவித்துள்ளனரா என்று தேடட்டும். தெரிவிக்கும்போது, எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது, என்ன நேர்ந்தது என்று ஒழுங்காக எழுதட்டும். பத்துச் சொற்களை மட்டும் எடுத்து, திரையில் பார்த்துச் சோதித்து, காரணத்தோடு அனுப்பட்டும். பின்னர்க் காத்திருக்கட்டும். திருத்தச் சொன்னால் திருத்தட்டும், நன்றி கூறட்டும். இதைவிடச் சிறந்த கட்டுரைப் பயிற்சியும் ஒழுக்கப் பயிற்சியும் உண்டோ?

இஃது ஆசிரியர்க்கு ஆகாத வேலை என்று ஒதுங்க வேண்டா. தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்ட முன்னோடிகளுள் ஒருவரான சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி, சிறுகதை எழுத்தாளர். ஆசிரியர்க்குத் தமிழ் பயிற்றிய விரிவுரையாளர். 1999ஆம் ஆண்டில் மறையும்வரை அப்பணியில் இருந்தார். 1998ஆம் ஆண்டில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தமிழ் நூல்களைத் தட்டெழுதியும் மெய்ப்புப் பார்த்தும் தொண்டர்கள் உலகுக்கு வழங்கினர். ஒருவர் தட்டெழுதியதை மற்றொருவர் திருத்தினார். திருத்தியமைக்காக எவரும் சினம் கொள்ளவில்லை.

மேடையில் தமிழை வாழ்த்துவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். பிறர் கட்டிய மென்பொருளில் தமிழ் பிழையின்றி நிற்பதற்கோ, பல மாலைப்பொழுதுகள் பெயர் தெரியாமல் உழைப்பவர் வேண்டும். அத்தகைய மாணவர் பத்துப் பேரை ஒரு பள்ளி உருவாக்கினால் போதும். பொறுப்பாளரும் அவர்களை வரவேற்பார். தமிழும் அவர்களால் வாழும்.