இடனறிந்து நிற்றல்

அமெரிக்கக் கால்பந்தாட்டம் வெறும் உடல்வலியின் மோதலே என்பாருளர். யாம் அதனை ஒப்பேம். பந்து புறப்படுமுன் அதனை ஏந்துவோன் எங்கு நிற்கின்றான் என்பதே வெற்றிக்குப் பாதி வழி என்பது எமது துணிபு.

தொழில்முறை ஆட்டத்தில், எறியும் கட்சியார் 11 பேருள் 7 பேரேனும் பந்து கிடக்கும் கோட்டின்மேல் நிற்றல் விதி. அக்கோட்டின் ஓரத்தே நிற்பவனை 5 கஜத்துக்குள் காவலன் கைகளால் தடுக்கலாம்; ஒருபுறம் எல்லைக்கோடும் அவனை நெருக்கும். சற்றுப் பின்னே, உட்புறத்தில் நிற்பவனுக்கோ இருபுறமும் வழியுண்டு. அவனைக் காக்கப் பருத்த வீரனை நிறுத்தின், விரைவிற் பிற்படுவான். மெலிந்த விரைவோனை நிறுத்தின், பந்தைச் சுமந்தோடுவாரைத் தடுக்க வலி குன்றும். எதிரிக்கு இருபாலும் இடர்.

2019ஆம் ஆண்டு அட்லாண்டாவில் நிகழ்ந்த சூப்பர் பௌல் இறுதியாட்டத்தை நோக்குக. நியூ இங்கிலாந்து அணியின் ஜூலியன் எடல்மன் உட்புறத்து நிலைக்கே பேர்போனவர், நெடிய மேனியரல்லர், 2009இல் 232ஆவதாகவே தெரிந்தெடுக்கப்பட்டவர். அன்று அவர் 10 முறை பந்தேந்தி, 141 கஜம் ஈட்டி, சிறந்த ஆட்டக்காரர் எனும் பட்டமும் பெற்றார்.

ஆதலின், உடல்வலி போதாதென்று களத்தின் புறத்தே ஒதுங்கி நிற்கும் மாணவ நண்பர்காள்! தோற்பவன் வலி குறைந்தவனல்லன். தனக்கேற்ற இடத்தைத் தேர்ந்து நில்லாதவனே.