வழுக்கும் பனியில் ஒரு வேக வண்டி

வெண்பனி பெய்யும் தேசங்களில், பனிக்காலத்தில் வேக மோட்டார் ஓட்டுகிறவர்களை நான் இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தேன். ஒரு வகையினர் அசட்டுத் துணிச்சல்காரர்கள். மற்றொரு வகையினர் வெறும் அசடுகள். சென்ற ஜனவரியில் ஜெர்மனி தேசத்து மியூனிக் நகரில் ஒரு நண்பர் வீட்டில் பத்து நாள் தங்கிய பிறகு, மூன்றாவது வகை ஒன்றும் உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

நண்பர் எஞ்சினீயர் உத்தியோகம் பார்க்கிறவர், பரம சாது. உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் எப்பேர்ப்பட்ட சாதுவுக்கும் ஒரு சபலம் உண்டல்லவா? இரண்டே பேர் உட்காரக்கூடியதும், தரையோடு தரையாகப் படுத்துக் கிடப்பதுமான சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை, ஒருவர் ஓட்டி அலுத்த பிறகு சகாய விலைக்கு வாங்கி வைத்திருக்கிறார். எஞ்சின் இருப்பது முன்னால். அதன் சக்தியெல்லாம் போய்ச் சேருவது பின் சக்கரங்களுக்கு. பனிக்கு இதைவிடப் பொருத்தமில்லாத வாகனம் வேண்டுமென்றால் கட்டை வண்டியைத்தான் தேட வேண்டும் என்பது என் அபிப்பிராயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கண் விழித்துப் பார்த்தால், இரவெல்லாம் பெய்த வெண்பனி நாலு விரற்கடை உயரத்துக்குத் தோட்டத்தை மூடியிருந்தது. "வாருங்கள், மலைப் பக்கம் போய் வால்ஹன்ஸீ ஏரியைப் பார்த்துவிட்டு வரலாம்" என்றார் நண்பர். "ரயிலிலா?" என்று கேட்டேன். "வண்டியில்தான்" என்றார்.

அவருடைய மனைவியார் தடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அந்த அம்மாள், "டயரைப் பார்த்துவிட்டீர்களா?" என்று மட்டும் கேட்டார். "பார்த்துவிட்டேன்" என்றார் இவர். அவ்வளவுதான். சந்தியாவந்தனம் ஆயிற்றா என்று கேட்பது போலவும், ஆயிற்று என்று பதில் சொல்வது போலவும் இருந்தது. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை இருந்ததை ரஸ்தாவில்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நவம்பர் மாதத்தில் ஒரு மாலை. நண்பர் தம் எட்டு வயதுப் பெண்ணைப் பாட்டு வகுப்பிலிருந்து அழைத்து வந்துகொண்டிருந்தார். வண்டியில் இருந்தவை வேனிற்கால டயர்கள். "அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம்" என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். லேசாக வெண்பனி தூவத் தொடங்கியது. வேகம் மணிக்கு 30 கிலோ மீட்டருக்கு மேல் இல்லை. ஒரு வளைவில் ஆக்ஸிலரேட்டரைச் சற்றே அழுத்தினார். வண்டியின் பின்புறம் மெல்ல வெளியே நழுவிற்று. திடுக்கிட்டுக் காலை எடுத்து, பிரேக்கை ஓங்கி மிதித்தார். அடுத்த விநாடி ஊரும் உலகமும் ஒரு சுற்றுச் சுற்றின. வண்டி நின்றபோது அது பார்த்துக்கொண்டிருந்த திசை வேறு. நின்ற பக்கமும் வேறு. எதிரே வந்த பஸ் பத்தடி தூரத்தில் நின்றிருந்தது.

குழந்தை அழவில்லை. "அப்பா, நீங்களா திருப்பினீர்கள்?" என்று கேட்டாளாம்.

"அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிரவு தூங்கவும் முடியவில்லை" என்றார் நண்பர்.

வண்டியை விற்றுவிடுவது என்று தீர்மானித்தார். அதற்கு முன்னால், நகருக்கு வெளியே உள்ள ஒரு பயிற்சி மைதானத்தில் பனியில் ஓட்டக் கற்றுக் கொடுக்கும் கிழவர் ஒருவரிடம் போய் யோசனை கேட்டார். கிழவர் டயரைப் பார்த்தார், நண்பரைப் பார்த்தார், "வண்டியின் பேரில் குற்றம் ஒன்றும் இல்லையே!" என்றாராம்.

டயர் தரையைப் பற்றிக்கொள்ளும் சக்தி இருக்கிறதே, அது மாதச் சம்பளத்தைப் போன்றது. வண்டியைத் தள்ளுவது, திருப்புவது, நிறுத்துவது என்ற மூன்று செலவுகளும் அந்த ஒரே சம்பளத்திலிருந்துதான் நடந்தாக வேண்டும். வறண்ட தார் ரோட்டில் சம்பளம் 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இறுகிய வெண்பனியில் அது 20, 30 ரூபாயாகக் குறைந்துவிடும். வழவழப்பான பனிக்கட்டியில் 10 ரூபாய்தான். மணிக்கு 50 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி, பிரேக்கை மிதித்த பிறகு, வறண்ட ரோட்டில் சுமார் 12 மீட்டரில் நின்றுவிடும். இறுகிய பனியில் ஏறக்குறைய 40 மீட்டர் ஓடும். பனிக்கட்டியிலோ 100 மீட்டர் வரையில் ஓடும்! வரும்படி குறைந்தது தெரியாமல் பழையபடி செலவு செய்கிற குடும்பத் தலைவரின் கதிதான் பனியில் பழைய வேகத்தில் போகிறவரின் கதியும்.

பின் சக்கரத்தால் ஓடும் வண்டியில் ஒரு சௌகரியம் உண்டு. திருப்பும் வேலை முன் சக்கரங்களுக்கு. தள்ளும் வேலை பின் சக்கரங்களுக்கு. ஆனால் வளைவில் பின் சக்கரங்களுக்கு இரட்டை உத்தியோகம் வந்துவிடுகிறது. வண்டியைத் தள்ளவும் வேண்டும், பக்கவாட்டில் நழுவாமல் ஊன்றி நிற்கவும் வேண்டும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் சம்பளம் முழுவதும் தள்ளுவதிலேயே தீர்ந்துபோய், ஊன்றி நிற்கக் காலணா மிஞ்சுவதில்லை. வால் வெளியே போய்விடுகிறது. பயந்து சட்டென்று காலை எடுத்தாலோ, வண்டியின் பாரம் முன்னால் சாய்ந்து பின் சக்கரங்கள் இலேசாகிவிடுகின்றன. எஞ்சினும் அதே சக்கரங்களை இழுத்துப் பிடிக்கிறது. அப்போதும் வால் வெளியேதான்! அழுத்தினாலும் ஆபத்து, எடுத்தாலும் ஆபத்து என்றால் என்னதான் செய்வது? எதையும் திடீரென்று செய்யக்கூடாது. கிழவர் கற்பித்த பாடம் அவ்வளவே. பாதத்துக்கும் மிதிக்கும் நடுவே ஒரு கோழி முட்டை இருப்பதாக எண்ணிக்கொள்ள வேண்டும் என்பாராம்.

புறப்பட வேண்டுமானால் இரண்டாவது கியரில், கிளட்சை மெள்ள மெள்ள விட வேண்டும். சக்கரம் வெறுமனே சுழன்றால் அது தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். வளைவு வருவதற்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே, வேகத்தைத் தணித்துவிட வேண்டும். இவ்வளவுக்கும் மேல் பின்புறம் வலப்பக்கம் நழுவினால் ஸ்டியரிங்கையும் வலப்பக்கமே திருப்ப வேண்டும். காலை மெதுவாகத் தளர்த்த வேண்டும். போக விரும்பும் இடத்தையே பார்க்க வேண்டும். எதிரில் உள்ள மரத்தைப் பார்த்தால் வண்டி மரத்துக்குத்தான் போகும். வால் திரும்பி வரும்போது ஸ்டியரிங்கையும் உடனே நேராக்காவிட்டால், அது மறுபக்கம் சவுக்கடி போல் வீசும். முதல் நாள் நண்பர் அந்த மைதானத்தில் பதினேழு தடவை சுழன்றாராம். பத்தொன்பதாவது தடவை வண்டி சொன்னபடி கேட்டதாம்.

இந்தக் காலத்து வண்டிகளில் இதற்கெல்லாம் யந்திரத் துணை இருக்கிறதே என்று நேயர்கள் கேட்கலாம். உண்மைதான். பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் மின்னணு ஏற்பாடு 1978-லேயே மெர்ஸிடிஸ் வண்டியில் வந்துவிட்டது. வண்டி சுழலத் தொடங்கினால் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே பிடித்து நேராக்கும் ஏற்பாடு 1995-ல் வந்தது. நண்பர் வண்டியில் இரண்டும் உண்டு. ரஸ்தாவில் அவற்றை அவர் அணைப்பதே இல்லை. ஆனால் அவை நல்ல கணக்குப்பிள்ளைகள் மாத்திரமே. இருக்கிற சம்பளத்தைச் சிக்கனமாகப் பங்கிட்டுக் கொடுக்கும். சம்பளத்தை உயர்த்தித் தர அவற்றால் ஆகாது. நாலு சக்கரங்களாலும் தள்ளப்படும் வண்டிகளின் சமாசாரமும் இதுவே. புறப்படுவதிலும் மேடு ஏறுவதிலும் அவை பிரமாதம். நிற்கும்போது மட்டும் அவற்றுக்கு விசேஷச் சலுகை ஒன்றும் கிடையாது. எல்லா வண்டிக்கும் பிரேக் நாலு சக்கரத்தில்தானே?

சம்பளத்தை உயர்த்தக்கூடிய எஜமானர் ஒருவரே. அவர்தான் டயர். வேனிற்கால டயரின் ரப்பர், உஷ்ணம் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் விறைக்கத் தொடங்குகிறது. பனிக்கால டயரின் ரப்பர் குளிரிலும் இளகி நிற்கும். அதில் கீறியுள்ள எண்ணற்ற மெல்லிய வெட்டுக்கள் பனியைக் கவ்விப் பிடிக்கும். பனியும் பனிக்கட்டியும் உள்ள ரோட்டில் பனிக்காலத்துக்கு ஏற்ற டயர் இல்லாமல் ஓட்டுவது ஜெர்மனியில் சட்ட விரோதம். 2024 அக்டோபர் முதல், மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்த டயரே செல்லும். டயரின் பள்ளம் 1.6 மில்லி மீட்டர் இருந்தால் சட்டம் திருப்தி அடைந்துவிடும். 4 மில்லி மீட்டருக்குக் குறைந்தால் நண்பரின் மனைவியார் திருப்தி அடைய மாட்டார். நிபுணர்களும் அந்த அம்மாளின் கட்சிதான். அகலமான டயர் அழகாயிருந்தாலும் பனியின் மேல் மிதக்கும். குறுகலான டயர் பனியை அழுத்தி அறுத்துக்கொண்டு போகும். ஆகவே பனிக்காலத்துக்கென்று சற்றுக் குறுகலான டயர்களையே நண்பர் வைத்திருக்கிறார். பெட்டியில் ஒரு சிறு மண்வெட்டியும், ஒரு பை மணலும், பின் சக்கரங்களுக்கு மாட்டும் சங்கிலியும் உண்டு.

இப்படிப் பேசிக்கொண்டே போனதில், என் பயம் எங்கே எப்போது இறங்கிக்கொண்டது என்பதே தெரியவில்லை. வண்டி வெண்ணெயில் கத்தி போல் போய்க்கொண்டிருந்தது. "இந்தப் பவேரியாவில் பிறந்தவர்தான் வால்ட்டர் ரோர்ல்" என்றார் நண்பர். பனி மலைகளில் நடக்கும் மாண்டி கார்லோ பந்தயத்தை அவர் நான்கு தடவை ஜயித்தார். நான்கு தடவையும் வெவ்வேறு கம்பெனி வண்டியில். 1980-ல் பியட், 1982-ல் ஓப்பல், 1983-ல் லான்சியா, 1984-ல் ஆடி. முதல் மூன்றும் பின் சக்கரத்தால் ஓடுபவை! 1982-லும் 1983-லும் நாலு சக்கரத்தால் ஓடும் ஆடி வண்டிகளே அவரிடம் தோற்றன. 1968-ல் விக் எல்போர்டு என்ற ஆங்கிலேயர் ஜயித்த போர்ஷே 911 வண்டியும் பின் சக்கர வண்டிதான். அதில் எஞ்சினே பின்புறம் இருப்பதால், பாரம் பின் சக்கரங்களை நன்றாக அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அதே பாரம் வளைவில் நழுவத் தொடங்கினால் கடிகாரத்தின் ஊசற்குண்டு போல் வீசும் என்பது வேறு விஷயம்.

இதைக் கேட்டதும் எனக்கே வீரம் வந்துவிட்டது.

சுமார் 70 கிலோ மீட்டர் கடந்து, கோஹல் என்னும் ஊரை அடைந்தோம். இங்கிருந்து வால்ஹன்ஸீ ஏரி 200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்று 1924 முதல் நடந்து வருகிறது. ஏரிக்குப் போகக் கெஸ்ஸல்பெர்க் என்னும் மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். 1905 முதல் 1935 வரையில் மோட்டார் பந்தயம் நடந்து பெயர் பெற்ற பாதை அது. "பந்தயம் நடந்த பாதையில் பந்தய வண்டி! ஏறுங்கள் ஸ்வாமி!" என்றேன் நான்.

நண்பர் அடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டினார். இறங்கி, மர நிழல் விழுந்த இடத்தில் பூட்ஸ் காலைத் தேய்த்துப் பார்த்தார். பகலில் சற்று உருகி மறுபடி உறைந்த பனிக்கட்டி, கண்ணாடி போல் பளபளத்தது. மேலே நிமிர்ந்து பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

"இவ்வளவு தூரம் வந்துவிட்டா? பனிக்கால டயர் இருக்கிறது, சங்கிலி இருக்கிறது, உங்களுக்கு வித்தையும் தெரிந்திருக்கிறது!" என்று ஆட்சேபித்தேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை; கணக்குச் சொன்னார். "ஏறிவிடலாம். மறுபக்கம் இறங்க வேண்டுமே? பத்து ரூபாய்ச் சம்பளத்தில், நூறு அடிக்கு ஐந்தடி இறங்கும் சரிவு வந்தால், சரிவே பாதியைப் பிடுங்கிக்கொள்ளும். சமதரையில் 100 மீட்டரில் நிற்கிற வண்டி அங்கே 200 மீட்டர் ஓடும். நூறு அடிக்குப் பத்தடிச் சரிவு என்றால் பிரேக் இருந்தும் இல்லாததுதான். வித்தை தெரிந்ததனால்தான் போக வேண்டாம் என்கிறேன்."

ஏரியைப் பார்க்கவில்லையே என்று எனக்கு வருத்தந்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஊர் திரும்பினேன் என்பதை மறைப்பானேன்? ஆனால் அன்று நண்பர் காட்டிய சாமர்த்தியங்களில் எல்லாம் பெரியது, அந்த அடிவாரத்தில் வண்டியின் முகத்தை வந்த வழியே திருப்பியதுதான் என்பது, வீட்டில் சூடான காப்பி உள்ளே இறங்கிய பிறகு எனக்கே விளங்கிற்று.

வாசலில் பெண் நின்றுகொண்டிருந்தாள். இப்போது அவளுக்குப் பதினொரு வயது. "ஏரி எப்படி இருந்தது, மாமா?" என்று என்னைக் கேட்டாள். "பார்க்கவே இல்லை, அம்மா! உன் அப்பா பாதி வழியில் வண்டியைத் திருப்பிவிட்டார்" என்று குற்றம் சாட்டினேன்.

அவள் தகப்பனாரைப் பார்த்து, "நீங்களா திருப்பினீர்கள், அப்பா?" என்றாள்.

"ஆமாம், அம்மா. இந்தத் தடவை நான்தான் திருப்பினேன்" என்றார் நண்பர்.