காசைத் துலக்காதீர்கள், முடிச்சை அவிழ்க்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படிங்க. கோயில் வாட்ஸ்அப் குழுவில் ரெண்டு வாரமா ஓடிக்கிட்டிருக்கிற பேச்சுக்கு எங்கள் பதிலை இங்கேயே எழுதிவிடுகிறோம். நாங்கள் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து உண்டியல் எண்ணும் தொண்டர்கள். செயலவையில் எங்களுக்குப் பதவி கிடையாது. பெரிய படிப்பும் இல்லை. ஆனால் காசு எங்கள் கையில் புழங்குகிறது, அதனால் பேசுகிறோம்.

விஷயம் இதுதான். திருக்குடமுழுக்குக்காகக் கோயில் ஸ்டோர் அறையைக் காலி செய்தோம். தோட்டத்தில் இருந்து தாமானுக்குக் கோயில் இடம் மாறியபோது கட்டிக்கொண்டு வந்த ஒரு இரும்புப் பெட்டி மூலையில் கிடந்தது. திறந்தால் ரெண்டு மைலோ டின், அது நிறைய பழைய காசு. கூடவே மஞ்சள் துணி முடிச்சுகள், இருபதுக்கு மேல் இருக்கும். எல்லாம் சேர்ந்து நாலு கிலோ. பழைய காசு வாங்கும் வியாபாரி ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்கிறாராம். "கொடுத்துட்டு திருப்பணியில போட்டுடலாமே, செல்லாக்காசுதானே" என்று சிலர் கேட்கிறார்கள்.

வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் நாங்கள் செய்த தப்பை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பெட்டி கிடைத்த அன்றைக்கே உற்சாகத்தில் ஒரு டின் காசை பேசினில் கொட்டினோம். புளி, உப்பு, எலுமிச்சம்பழம் போட்டு ஊறவைத்தோம். குத்துவிளக்கு துலக்குகிற கைதானே, சும்மா இருக்குமா? கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்தோம். முடிச்சுகளில் பாதியையும் அவிழ்த்து, உள்ளே இருந்ததை அதே பேசினில் போட்டோம். துணிகளைக் குப்பையில் போட்டோம். ஒரு மணி நேரத்தில் எல்லாம் பளபளவென்று ஆகிவிட்டது. படம் எடுத்துக் குழுவில் போட்டோம். எண்பது பேர் கைகூப்பி இருந்தார்கள்.

குத்துவிளக்குக்குப் புளி சரி. வாராவாரம் துலக்கிப் புழங்குவதற்கென்றே செய்த கனமான பொருள் அது. காசு அப்படி இல்லை. செம்புக் காசின் மேல் வருடக்கணக்கில் படியும் பழுப்புப் படலம் அழுக்கு கிடையாது, அதுதான் அதன் தோல். புளியும் எலுமிச்சையும் அமிலம், அந்தத் தோலை உரித்துவிடும். பித்தளையாக இருந்தால் அதில் இருக்கும் துத்தநாகத்தையும் அரித்து, காசு ரோஸ் கலரில் வெளிறிப்போகும். பிரஷ் போட்ட கீறல் ஆயுசுக்கும் போகாது. காசு சேர்ப்பவர்கள் பார்த்தவுடனே "துலக்கின காசு" என்று சொல்லி, பாதி விலை கூடத் தரமாட்டார்கள். விற்று வருமானம் பார்க்க நினைத்தவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த நஷ்டம்.

அடுத்த ஞாயிறு ஒரு பாட்டி வந்தார். எண்பத்தேழு வயது, பேரன் காடியில் கூட்டி வந்தான். படத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பசியாறக்கூட உட்காரவில்லை. "அந்தப் பித்தளை வில்லை இருந்துச்சே, அதைக் காட்டுங்கப்பா" என்றார்.

டின்னில் காசு மட்டும் இல்லை, தோட்டத்து வில்லைகளும் இருந்தன. வட்டமான மெல்லிய பித்தளை, மேலே ஒரு துளை, நடுவில் அடித்த நம்பர். பால் மரம் வெட்டப் போன ஆட்களுக்கு ஆளுக்கு ஒரு நம்பர். கிராணி அந்த நம்பரை வைத்துத்தான் பெயர் போடுவார் என்று எங்கள் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

பாட்டி சொன்னது இது. ஜப்பான்காரன் காலத்தில் அவர் அப்பாவைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். அப்போது அவருக்கு நாலைந்து வயது. வீட்டில் வேண்டுதலுக்கு முடிந்து வைக்க நல்ல காசு இல்லை. கையில் இருந்ததெல்லாம் வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு, அதைச் சாமிக்கு முடிய மனசு வரவில்லை. அவர் அம்மா புருஷனுடைய வில்லையை மஞ்சள் துணியில் முடிந்து கோயிலில் கட்டிவிட்டு வந்தாராம். ஆள் திரும்பி வந்தால் முடிச்சை அவிழ்த்து, நல்ல காசாக உண்டியலில் போடுவதாக வேண்டுதல்.

அந்த முடிச்சை அவிழ்க்க யாரும் வரவே இல்லை. எழுபது எண்பது வருடம் கழித்து நாங்கள்தான் அவிழ்த்தோம், புளித்தண்ணியில் போட.

"இருநூத்திப் பதினேழு. அம்மா சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க, அப்பா நம்பர் இருநூத்திப் பதினேழுன்னு."

தேடினோம். 21 என்று ஆரம்பிக்கும் வில்லை ரெண்டு இருந்தது. ரெண்டிலும் கடைசி எண் ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. பிரஷ் போட்டதில் தேய்ந்துவிட்டது. பாட்டி ரெண்டையும் உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "துணி எங்கப்பா? அம்மா சேலையில கிழிச்சது, ஓரத்துல கட்டம் இருக்கும்" என்றார். எங்களில் ஒருத்தருக்கும் பேச்சு வரவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: "சரி விடுங்க, ரெண்டையும் பத்திரமா வச்சிருங்க."

சயாம் ரயில் பாதைக்கு 1942, 43-இல் மலாயா தோட்டங்களில் இருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர். அதில் பெரும்பாலோருக்குக் கல்லறை கிடையாது, பேர் எழுதின கல் கிடையாது. பாட்டிக்கு இருந்த ஒரே அடையாளம் மூணு எண் அடித்த ஒரு பித்தளைத் தகடு. அதை நாங்கள் பளபளப்பாக்கிவிட்டோம்.

இப்போது குழுவில் வந்த கேள்விகளுக்கு வருகிறோம்.

"கோயில் என்ன மியூசியமா?" இல்லை. ஆனால் இந்த நாட்டில் தோட்டத்துத் தமிழர்கள் வாழ்ந்ததற்குச் சாட்சியாக இருக்கும் இடங்கள் எத்தனை மிச்சம்? லயம் இடிந்துவிட்டது, பால் ஸ்டோர் போய்விட்டது, ஆபீஸ் கணக்குப் புத்தகம் எங்கே போனதோ. தோட்டம் போன இடத்திலும் கோயில் மட்டும் நம்மோடு எழுந்து வந்திருக்கிறது. அந்த டின்னும் அதோடு வந்தது.

"சாமி காசை முடக்கி வைக்கலாமா?" நியாயமான கேள்வி. புழக்கத்தில் இருக்கும் காசை நாங்களும் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அது வாராவாரம் பேங்குக்குத்தான் போகிறது. டின்னில் இருப்பது வேறு. 1919, 1920, 1926 தேதி போட்ட சதுரமான ஒரு காசுகள், ஐந்தாம் ஜார்ஜ் தலை. ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1943 சதுரக் காசும் இருக்கிறது. அதே வருடம் இங்கே ஆண்டுகொண்டிருந்தவன் ஜப்பான்காரன். வெள்ளைக்காரன் எப்படியும் திரும்பி வருவோம் என்று அடித்து வைத்தது, போர் முடிந்த பிறகுதான் இங்கே புழக்கத்துக்கு வந்தது. அப்புறம் 'மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ' என்று எழுதின ராணி காசு, 1967-இல் வந்த நாடாளுமன்றக் கட்டடம் போட்ட நம் முதல் மலேசியக் காசு. ஒரு டின்னுக்குள் நாலு ஆட்சி. பிள்ளைகளுக்கு வரலாறு சொல்ல இதைவிட என்ன வேண்டும்? ரிங்கிட்டை நாம் ஏன் இன்னும் "வெள்ளி" என்கிறோம் என்று தேவார வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள். 1903-இல் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் அடித்த டாலர் அசல் வெள்ளிக் காசு. காசில் வெள்ளி போயே போச்சு, நம்ம வாயில் மட்டும் இன்னும் இருக்கிறது.

"விற்றால் நல்ல தொகை வருமே?" வராது. உண்மையைச் சொல்லிவிடுகிறோம். இதில் பெரும்பாலானவை சாதாரணமாகக் கிடைப்பவை, தேய்ந்தவை. பாதியை நாங்களே கெடுத்துவிட்டோம். கிலோ கணக்கில் கொடுத்தால் ஒருநாள் அன்னதானச் செலவுக்குக்கூட வருமா என்பது சந்தேகம். வில்லைக்கும் முடிச்சுக்கும் வியாபாரி என்ன விலை போடுவார்? விலை நமக்குத்தான் தெரியும்.

ஆகவே செயலவைக்கும் தலைவர் ஐயாவுக்கும் எங்கள் வேண்டுகோள்:

1. இனி பழைய காசு எது வந்தாலும் துலக்கக்கூடாது. மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, தேய்க்காமல் மெல்லிய துணியில் ஒற்றி எடுத்தால் போதும். விபூதி, குங்குமம், அபிஷேகப் பால் பட்டதற்கும் அதுதான்.

2. அவிழ்க்காத முடிச்சு ஒன்பது மிச்சம் இருக்கிறது. அவை அப்படியே இருக்கட்டும். துணியும் காசும் சேர்ந்ததுதான் வேண்டுதல்.

3. ஒவ்வொன்றையும் படம் எடுத்து, நம்பர் போட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்போம். எங்கே கிடைத்தது, யார் என்ன சொன்னார்கள் என்று எழுதினால் போதும். கதை தெரியாத காசு வெறும் தகடு.

4. ஆபீஸ் அறையில் பூட்டு போட்ட ஒரு சின்ன அலமாரி. செலவை உண்டியல் தொண்டர்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

வீட்டில் தாத்தா பாட்டி காசு வைத்திருப்பவர்களுக்கும் ரெண்டு வார்த்தை. காசை ஓரத்தில் பிடித்துத் தூக்குங்கள், நடுவில் விரல் வைக்காதீர்கள். வேர்வையில் உப்பு இருக்கிறது, ரேகை அப்படியே பதிந்துவிடும். வளைந்து கொடுக்கும் மலிவான பிவிசி பிளாஸ்டிக் ஆல்பத்தில் போடாதீர்கள். நம்ம ஊர் வெக்கைக்கு அது இளகி, காசில் பச்சையாகப் பிசுபிசுவென்று ஒட்டும். அட்டைச் சட்டத்தில் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பாக்கெட்டோடு வையுங்கள். முக்கியமாக, வெள்ளிக் காசை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள். கையுறை பேக்டரியில் சூப்பர்வைசர் வேலை பார்ப்பதால் இது எங்களுக்கு நன்றாகவே தெரியும். ரப்பரில் கந்தகம் சேர்த்துத்தான் பதப்படுத்துகிறோம். அந்தக் கந்தகம் பட்டால் வெள்ளி கறுத்துவிடும். அப்பா வெட்டின மரத்துப் பாலே அப்பா சேர்த்த காசைக் கறுக்க வைக்க வேண்டாமே.

காசு சேர்ப்பது பணக்காரன் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். கோலாலம்பூர் சாசானா கிஜாங்கில் பேங்க் நெகாரா மியூசியம் இருக்கிறது, பிள்ளைகளை ஒருநாள் கூட்டிப் போங்கள். ஆனால் அங்கே கண்ணாடிக்குள் இருப்பது அரசாங்கம் அடித்த காசு. நம் வீட்டு வில்லைக்கு நாம்தான் கண்ணாடி போட வேண்டும்.

அந்த ரெண்டு வில்லையும் இப்போது ஒரே கவரில் இருக்கிறது. வெளியே "217, பாட்டியின் அப்பா" என்று எழுதியிருக்கிறோம். இன்னொன்று யாருடையது என்று தெரியவில்லை. உங்கள் வீட்டில் யாராவது 211 என்று ஒரு நம்பரைச் சொல்லிக் கேட்டிருந்தால் ஞாயிறு காலை கோயிலுக்கு வாங்க. பத்து மணி வரைக்கும் உண்டியல் அறையில்தான் இருப்போம்.

தெரிந்தவர்களுக்கும் அனுப்புங்கள்.